அந்தக் கரியை உள்ளே கொண்டுவரச் சொன்னது நான்

தம்பி,

போன சனிக்கிழமை அம்மாவின் மூன்றாம் ஆண்டுத் திவசம். நீ அனுப்பிய காசு கிடைத்தது. ஐயர் போய், ஆட்கள் சாப்பிட்டு முடித்து, இருந்து கதைத்துக்கொண்டிருந்த நேரம் யாரோ போனைப் பார்த்துவிட்டு, இரவுக்கு உறைமழை எச்சரிக்கை என்றார்கள். அது போதுமே, 2013 ஐஸ் புயல் கதை தொடங்கிவிட்டது. இந்த முறை கதை சொன்னது என் மகள். "பாபிக்கியூ மாமா" என்று ஆரம்பித்து, நீ தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதை நடித்தும் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று அவளுக்கு நாலு வயது. ஒன்றும் நினைவில்லை. கேட்ட கதையைத்தான் சொல்கிறாள். என்னிடம் கேட்ட கதையை.

பன்னிரண்டு வருடம் பிந்திச் சொல்கிறேன். அந்தக் கரியை உள்ளே கொண்டுவரச் சொன்னது நான். நீ தூக்கி வந்தாய், அவ்வளவுதான்.

இதை உனக்கு ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கதை பரவியது கலியாண மண்டபங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும். உன் ஒருவனின் காதில் சொல்லி அதை எப்படித் திருத்துவது? சிரித்தவர்களும் வாசிக்கட்டும். உன் அத்தானும் இதை வாசிப்பார். அவரிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த வீட்டையோ அந்த மூன்று நாட்களையோ உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது என்று பிறகு வாசித்தேன். அப்போது நமக்கு அந்தத் தெருதான் உலகம். எனக்கு இன்றும் கேட்பது ஞாயிறு விடியற்காலைச் சத்தம். மேப்பிள் கொப்பு ஒவ்வொன்றாக முறியும், அதைச் சுற்றியிருந்த ஐஸ் கண்ணாடிச் சாமான் கொட்டுப்படுகிற மாதிரிச் சிதறும். நீ யன்னலில் நின்று "வடிவாத்தான் இருக்கு அக்கா" என்றாய். உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. புல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கண்ணாடி உறை. அதைப் படமெடுத்தே என் போனின் சார்ஜை முடித்தேன். பிறகு அதற்கும் அத்தானிடம் பேச்சு வாங்கினேன்.

ஃபர்னஸ் ஏன் நின்றது என்றுகூட அப்போது நமக்கு விளங்கவில்லை. எரிவாயு வருகிறதே, ஏன் சூடு வரவில்லை என்று நான் அதன் மூடியில் தட்டிக்கொண்டிருந்தேன். பற்றவைக்கும் பொறிக்கும் காற்றைத் தள்ளுகிற விசிறிக்கும் மின்சாரம் வேண்டும் என்று இப்போது நீ ஊராருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறாய். அன்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. சமைக்கிற அடுப்பும் மின்சாரம்தான். அம்மா மூன்று நாளாக ஒரு பிளேன்ரீக்கு ஏங்கினார்.

நகரசபை சமூக நிலையங்களைத் திறந்து, சூடும் சாப்பாடும் படுக்க இடமும் தந்தது. திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். பெரிய மண்டபம், வரிசையாக மடக்குக் கட்டில், ஆளுக்கொரு சாம்பல் நிறப் போர்வை, வாசலில் பெயர் எழுத ஒரு மேசை. நல்ல இடம், போவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். பெயர் எழுதுகிறார்களா என்று கேட்டார். ஓம் என்றேன். "நான் இன்னொரு முகாமுக்கு வரமாட்டன். நீங்கள் போங்கோ."

நீ ஒன்றும் சொல்லவில்லை. 2009-இல் மெனிக் பாம் அகதி முகாமில் அம்மாவோடு வரிசையில் நின்றது நீதானே. நான் 2006-இலேயே கலியாணம் கட்டி இங்கே வந்துவிட்டவள். அந்த இடத்தில் அம்மாவை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருந்தது? இப்படித்தான் இவ்வளவு காலமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இது சாட்டு என்று நீ நினைக்கலாம். பாதி சாட்டுத்தான். மற்றப் பாதி உண்மை.

அப்புறம் 24-ஆம் தேதி இரவு.

வெளியே மைனஸ் 10-க்கும் கீழே இறங்கியிருந்தது. பிள்ளையின் மூச்சு வீட்டுக்குள்ளேயே புகையாக வந்தது. நான் மெழுகுதிரியோடு குசினி வாசலில் நிற்கிறேன். நீ சோபாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாய். அம்மா பக்கத்தில், மூன்று சுவெற்றருக்கு மேல் என்னுடைய கோட்டையும் போட்டுக்கொண்டு. அப்போதுதான் அந்த வெடி. ஒன்று. வீட்டுச் சுவர் அதிர்ந்தது. இடைவெளி விட்டு இன்னொன்று.

நான் திரியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் அங்கே இல்லை. அம்மா தரையில் குப்புற, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி. நீ சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் பிள்ளையை உனக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு. நான் கண் சிமிட்டி முடிக்கவில்லை, எப்படி அவ்வளவு விரைவாகப் போனீர்கள்? இரண்டு பேரும் ஒரு சத்தமும் போடவில்லை. பிள்ளைதான் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. நான் மட்டும், நிற்கத் தெரிந்த ஒரே ஆள் மாதிரி, நின்றுகொண்டிருந்தேன். என் தாயும் என் தம்பியும் வாழ்ந்த இடத்தில் நான் வாழவில்லை என்று அன்றுதான் எனக்கு உடம்பில் பட்டது.

நிலம் வெடித்த சத்தம் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். மழைத் தண்ணீர் மண்ணில் ஊறியிருக்கும்போது குளிர் திடீரென்று இறங்கினால், அது உறைந்து பருத்து நிலத்தைப் பிளக்குமாம். ஜனவரி முதல் வாரத்திலும் ரொறன்ரோ முழுக்கக் கேட்டது, பொலிசுக்குப் போன் பண்ணினவர்களும் உண்டு. அதற்குள் காரணம் தெரிந்திருந்தது. அன்றிரவு தெரியாது. அம்மா தவழ்ந்தே போய் பேஸ்மென்ற் கதவைத் திறந்தார். "கீழ இறங்குங்கோ, பிள்ளையைக் கொண்டு இறங்கு." நாங்கள் இறங்கினோம். மேலேயைவிடக் கீழே குளிர் கொஞ்சம் குறைவுதான், நிலத்துச் சூடு. அம்மா படிக்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்தார். அவருக்கு அது பங்கர். மேலே வரவே மாட்டேன் என்றார். கைவிரல் எல்லாம் வெளுத்திருந்தது. நான் தேய்த்தேன், சூடு ஏறவில்லை.

அப்போதுதான் சொன்னேன். பின்வளவில் கோடைக்கு வாங்கிய அந்தச் சின்னச் சட்டி, மூட்டையில் பாதிக் கரி. நீ கேட்டாய், நினைவிருக்கிறதா? "அக்கா, உள்ளுக்குக் கொண்டுவரலாமோ?" நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "வெளியில வடிவாப் பத்தவை. புகை அடங்கினாப் பிறகு கொண்டுவா. தணலுக்கு ஒண்டும் ஆகாது. ஊரில அம்மா சிரட்டைக்கரியிலதானே உடுப்பு அழுத்தினவா."

ஊரில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் காக்காய் வந்து போகும். இங்கே நான் யன்னல் விளிம்பெல்லாம் துவாயால் அடைத்து வைத்திருந்தேன். புகை அடங்கிய தணலிலும் காபன் மொனொக்சைட் வாயு வரும், மணமில்லை, நிறமில்லை, இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் போய் ஒட்டும் என்றெல்லாம் பிறகு படித்தேன். ஓர் இரவு முழுக்க இருந்து படித்தேன். நம் வீட்டில் அன்று அலாரம் இல்லை. வீடுகளில் அது இருக்கவேண்டும் என்ற கட்டாயம் ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் 2014 ஒக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அம்மாவுக்குப் பிளேன்ரீ கிடைத்தது. குடித்துவிட்டு, "இப்பத்தான் உயிர் வந்தது" என்றார். அந்த வசனத்தை எந்த மண்டபத்திலும் நான் சொன்னதில்லை.

பிறகு தலையிடி, பிள்ளை சத்தி எடுத்தது, காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து அவளை இன்னும் தணலுக்குக் கிட்டக் கிடத்தினேன். கிட்ட. நானே. அத்தான் டாக்சி ஓட்டம் முடித்து மூன்று மணிக்கு வராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. அவர் இழுத்துப்போட்ட இடத்தில், முற்றத்து ஐஸில், நான் முழங்காலில் இருந்தேன். தீயணைப்புக்காரர் அளக்கிற கருவியோடு உள்ளே போய் வந்தார். கையில் சட்டி. யார் இதை உள்ளே வைத்தது என்று கேட்டார்.

நீ கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். அந்தக் கேள்வி உனக்கு முழுக்க விளங்கியதோ தெரியாது. ஆனால் வகுப்பில் மாதிரிக் கையைத் தூக்கினாய். "மீ" என்றாய். ஏழு வருடம் இங்கே இருந்த, இங்கிலிஷ் தெரிந்த நான் முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கை அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கதைக்க முடியாமல் இருந்ததென்று சொல்ல ஆசைதான். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கதைத்திருக்கலாம். அத்தான் உன்னை அடித்தபோதும் கதைத்திருக்கலாம். அடித்தது பிழை. அது பற்றி இதற்குமேல் இங்கே வேண்டாம்.

சரி. இனி என் பக்கத்தையும் கேள்.

நீ பெப்ரவரியில் வின்னிபெக்குக்கு வெளிக்கிட்டாய். அதற்கு முந்திய டிசம்பர் 31 அன்று அந்த ஊர் செவ்வாய்க் கிரகத்தைவிடக் குளிராக இருந்ததென்று பத்திரிகைகளில் வந்தது. அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினவர்களும் இருந்தார்கள். "ஆரும் கோபத்தில அங்க போவினமோ?" என்று அம்மா கேட்டார். நான் என்ன சொல்வது? அந்த வருடம் அங்கே குளிர் நிலத்துக்குள் ஆழ இறங்கி, 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் உறைந்தது. நீயும் பக்கத்து வீட்டிலிருந்து ரியூப் இழுத்துத் தண்ணீர் எடுத்தாய். எல்லாம் உன் சிநேகிதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டால் "சுகம்". எட்டு வருடம் "சுகம்".

நீ போனது எனக்காக வாய் மூடியிருக்கத்தான் என்றால், அதற்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டினது நான். ஒவ்வொரு பனிக்காலமும் யன்னலைப் பார்த்துக்கொண்டு உன்னைக் கேட்டவருக்குப் பதில் சொன்னது நான். சப்பாத்தும் காசும் தபாலில் வந்தன. செத்தவீட்டுக்கு வந்தாய், எட்டுக்கு நிற்காமல் மறுநாள் காலையே போனாய். உன் மௌனத்தால் நீ நல்லவனானாய், அந்த வீட்டில் இருந்து பொய்யைக் காவினது நான்தான். இப்படி எழுத எனக்கு உரிமையில்லை என்று தெரியும். எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அம்மாவுக்குத் தெரியுமா? படிக்குக் கீழே இருந்தவருக்கு நான் உனக்குச் சொன்னது கேட்டிருக்கும். ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி ஆட்கள் சிரிக்கும்போது மட்டும் எழும்பிப் போய்விடுவார். காது மந்தம் என்றுதான் நினைத்தேன்.

மகளுக்கு நேற்றுச் சொன்னேன். நீ அவளை மூடிக்கொண்டு கிடந்ததையும் சொன்னேன். அது அவள் கேள்விப்படாத பகுதி. கனநேரம் கதைக்கவில்லை. பிறகு, "மாமாவோட நம்பர் தாங்கோ" என்றாள். கொடுத்திருக்கிறேன். அவள் எடுத்தால் "சுகம்" என்று வைத்துவிடாதே.

நாங்கள் இரண்டு பேரும் ஜனவரி 9 வெள்ளிக்கிழமை வருகிறோம், டிக்கெற் எடுத்தாகிவிட்டது. நீ வேண்டாம் என்றாலும் வருவோம், ஹோட்டலில் நிற்போம். மைனஸ் 40-இல் கண்மடல் ஒட்டும், மூக்குக்குள் மயிர் குத்தும், ரொறன்ரோச் சப்பாத்து காணாது என்று ஒருமுறை அம்மாவுக்குச் சொன்னாயாம். அம்மாவுக்கு நீ அனுப்பிய சோடி அலுமாரியில் புதுசாக இருக்கிறது, எனக்கு ஓர் அளவு சின்னது. காலுறை ஒன்றோடு போட்டால் போதுமா, இல்லை வேறு வாங்கவா? அதையாவது எழுதிப் போடு.

அக்கா