மகளிர் மன்ற ஆண்டறிக்கை

மன்றத்துச் சகோதரிகளுக்கும் வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழா மாதம் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. தையல் வகுப்பு தொடர்கிறது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது பிள்ளைப் பிறப்பைப் பற்றித்தான்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பெண் சிசுவைக் கொல்லக் கொடுத்த எருக்கம்பாலும் நெல்மணியும் 1980-களில் பத்திரிகையில் வந்து ஊர்ப்பெயர் நாடெங்கும் அடிபட்டது. வேண்டாமென்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அப்புறம் மதுரைக்கும் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. ஆனாலும் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு, நாட்டில் பெண் குழந்தைகள் 1991-ல் 945, 2001-ல் 927, 2011-ல் 918 என்று குறைந்துகொண்டே வந்தார்கள். 2011-ல் அரியானாவில் 834, தமிழ்நாட்டில் 943. "நாம பரவாயில்லையே" என்றார் ஒருவர். மாநிலச் சராசரியை வைத்து நம் தெருவுக்கு நற்சான்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளும் குறைகிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக பீகாரில் 3, நாடு முழுவதும் 2, தமிழ்நாட்டில் 1.8. அது நல்லதுதான், நம் அம்மாக்கள் பட்ட பாடு மகள்களுக்கு வேண்டாம். ஆனால் நாலைந்து பெற்ற காலத்தில் ஒன்றாவது ஆணாகப் பிறந்துவிடும். இரண்டோடு நிறுத்தும்போது, "அதுல ஒண்ணு பையனா இருக்கணும்" என்ற பேச்சு முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. காதுகுத்து, சடங்கு, நகை, சீர் என்று கணக்குப் போட்டே பெண்ணைச் செலவாக்கிவிட்டோம்.

போதும்பொண்ணு என்ற பெயரில் நம் மன்றத்திலேயே மூன்று பேர். அவர்களில் ஒருவர் ஆடிக் கூட்டத்தில் எழுந்து, "கூப்பிடுறப்பல்லாம் எங்கப்பா அலுத்துக்கிட்டதுதான் காதுல விழுது" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெண் பிறந்த வீட்டுக்கும் சர்க்கரையோடு போவது, "அடுத்தது பையனாப் பிறக்கட்டும்" என்று யாரும் வாழ்த்தக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். இதுவரை தவறாமல் போயிருக்கிறோம்.

மாமியார்களைக் கூட்டத்துக்கு வரவைக்க முடியவில்லை. அது என் குறை. வரும் ஆண்டில் வீடு வீடாகப் போய் அழைப்பேன்.

ஆண் பிள்ளை இல்லாமல் ஒரு பெண்ணோடு நிறுத்திய குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரண்டு பெண்ணோடு நிறுத்தினால் ஆளுக்கு 25,000 ரூபாயும் அரசு வைப்புத்தொகை போடுகிறது. மனு எழுத ஞாயிறு காலை மன்றத்தில் இருப்பேன். பிறப்புச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கொண்டு வாருங்கள்.

செயலாளர்