சேப்பாக்கம் 1986: அது டிரா அல்ல, டை

ஆசிரியருக்கு,

விளையாட்டு வரலாற்றின் மறக்க முடியாத தருணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் முடிந்த 1986 செப்டம்பர் 22-ஐயும் சேர்த்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் 'கடைசிப் பந்தில் விக்கெட் விழ, சேப்பாக்கம் டெஸ்ட் டிராவானது' என்ற ஒரு வரிக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. விக்கெட் விழுந்தது கடைசிப் பந்தில் இல்லை. ஆட்டம் டிரா ஆகவும் இல்லை, டை ஆனது.

முதல் தவறைத் திருத்த ஸ்கோர் அட்டையே போதும். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸுக்கு எதிரே 86.5 ஓவர் என்று இருக்கும். புள்ளிக்குப் பின்னால் வருவது பந்துகளின் எண்ணிக்கை. பழக்கமில்லாதவர்கள் இதை எண்பத்தாறரை என்று படித்துவிடுகிறார்கள். அரை ஓவர் என்றால் .3 என்றுதான் எழுத வேண்டும். 86.5 என்றால் 86 முழு ஓவர்களும் அடுத்த ஓவரில் 5 பந்துகளும். ஆறாவது பந்து வீசப்படவே இல்லை.

இரண்டாவது தவறு பெரியது. டெஸ்டில் டை ஆக இரண்டு நிபந்தனைகள்: இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக இருக்க வேண்டும், கடைசியாக ஆடும் அணியின் இன்னிங்ஸும் முடிந்திருக்க வேண்டும். ரன் சமமாக இருந்தும் ஒரு விக்கெட் கையில் இருக்கும்போது நேரம் முடிந்துபோனால் அது டிரா. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டினால் இரு பக்கமும் 744. இந்தியா ஆல் அவுட். ஆகவே டை. நம் பத்திரிகைகள் இரண்டுக்கும் 'சமன்' என்றே எழுதுவதால்தான் இந்தக் குழப்பம் தொடர்கிறது என்று நினைக்கிறேன். டை என்பது ஒரு முடிவு. டிரா என்பது முடிவு எட்டாமல் நின்றுபோனது.

இது வெறும் சொல் பிரச்சினை என்று தள்ளிவிட்டால் அந்தக் கடைசி ஓவரே புரியாது. ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் நான்காம் நாள் ஸ்கோரிலேயே டிக்ளேர் செய்து (இன்னிங்ஸை முடித்துக்கொண்டு), ஐந்தாம் நாள் முழுவதையும் கொடுத்து 348 ரன் இலக்கு வைத்தார். ஓவருக்கு நான்கு ரன் என்பது அந்தக் கால டெஸ்டில் துணிச்சலான கணக்கு. கவாஸ்கரின் 90, அமர்நாத்தின் 51 என்று ஆட்டம் நகர்ந்து, 6 விக்கெட்டுக்கு 331 என்ற இடத்துக்கு வந்தது. தேவை 17, கையில் 4 விக்கெட். அங்கிருந்துதான் சரிவு. சேத்தன் சர்மா, கிரண் மோரே, சிவ்லால் யாதவ் மூவரையும் ரே பிரைட் எடுத்தார். 344-க்கு 9 விக்கெட்.

கடைசி ஓவர் கிரெக் மேத்யூஸுக்கு. சென்னை வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் பந்து வீசிய அதே மேத்யூஸ்தான். எதிரே ரவி சாஸ்திரி, மறுமுனையில் கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங், தேவை 4 ரன். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதை லெக் பக்கம் அடித்து 2. மூன்றாவதில் ஒரு சிங்கிள். ஸ்கோர் 347, சமம். 'மூன்று பந்து மீதி இருக்கும்போது சாஸ்திரி எதற்காக ஸ்ட்ரைக்கை (பந்தைச் சந்திக்கும் முறையை) மணீந்தரிடம் கொடுத்தார்?' என்று இன்றும் கேட்கிறார்கள். உங்கள் கட்டுரையும் அதைப் பிழை என்றே சொல்கிறது.

சிங்கிளுக்கு முன்னால் இந்தியா 346-க்கு 9. அப்போது ஒரு விக்கெட் விழுந்திருந்தால் 1 ரன்னில் தோல்வி. சிங்கிள் எடுத்த கணமே தோல்வி என்ற வாய்ப்பு ஆட்டத்திலிருந்து மறைந்துவிட்டது. இன்னொரு ரன் வந்தால் வெற்றி. மணீந்தர் மூன்று பந்தையும் தடுத்து நின்றால் டிரா. அவுட் ஆனால் டை. டைக்கும் டிராவுக்கும் வேறுபாடு தெரிந்தவருக்கு அது தவறாகத் தோன்றாது. என் கணக்கில், அன்றைய நாளின் மிக நிதானமான ரன் அதுதான்.

நான்காவது பந்தை மணீந்தர் தடுத்தார். ஐந்தாவது காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு எல்.பி.டபிள்யூ கொடுத்தார். பந்து முதலில் மட்டையில் உரசியது என்பது மணீந்தரின் வாதம். அன்று டி.ஆர்.எஸ். (தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் முறை) கிடையாது, மூன்றாவது நடுவரும் கிடையாது. இந்திய நடுவரே இந்தியாவுக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 'வெற்றி பறிபோனது' என்று சொல்வதும் மிகைதான்: நாட் அவுட் என்றிருந்தாலும் மிஞ்சியது ஒரே ஒரு பந்து, அதைச் சந்தித்திருக்க வேண்டியவர் பதினோராம் ஆட்டக்காரர்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2011 நவம்பர், மும்பை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இலக்கு 243. கடைசிப் பந்தில் 2 ரன் தேவை, மட்டை நம் அஸ்வின் கையில். முதல் இன்னிங்ஸில் 103 ரன்னும் 5 விக்கெட்டும் எடுத்திருந்தவர். ஒரு ரன் வந்தது, இரண்டாவதுக்கு ஓடும்போது ரன் அவுட். 242-க்கு 9. ரன் சமம், ஆனால் ஒரு விக்கெட் மீதி. அதனால் அது டிரா. 1996-இல் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு எதிராக 205-ஐத் துரத்திய இங்கிலாந்து 204-க்கு 6 என்று நின்றதும் அப்படியே. இந்த இரண்டையும் டை பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

ஒருநாள் ஆட்டத்தில் விக்கெட் கணக்கு இதில் வராது. 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து 241-க்கு ஆல் அவுட், நியூசிலாந்து 241-க்கு 8; ஆனாலும் டைதான். அந்த விதியை வைத்து டெஸ்டைப் படிப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அந்த ஆட்டத்தில் எடுத்த 210-ஐப் பற்றி நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது. வாந்தியோடும் தசைப்பிடிப்போடும் ஆடி, பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றப்பட்டவர் அவர். ஆனால் கபில் தேவின் 119-ஐ விட்டது சரியில்லை. ஃபாலோ-ஆனைத் (உடனே மறுபடி ஆட வேண்டிய நிலையை) தவிர்க்க இந்தியாவுக்கு 375 வேண்டியிருந்தது. அந்தச் சதம் இல்லாமல் 397 வந்திருக்காது; ஐந்தாம் நாள் துரத்தலுக்கும் வழியிருந்திருக்காது. ஆட்ட நாயகன் விருதை இருவருக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள்.

டெஸ்ட் வரலாற்றில் இதைத் தவிர இன்னொரு டைதான் உண்டு: 1960 டிசம்பர், பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா - மேற்கிந்தியத் தீவுகள். இரு அணிகளும் 737. அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து. ஏழாவதில் ஜோ சாலமன் எறிந்து மெக்கிஃபை ரன் அவுட் ஆக்கினார். அங்கும் ஒரு பந்து மிச்சம். அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் 92 எடுத்த பாப் சிம்ப்சன்தான் 1986-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி