ஹடமார்டை இரண்டு தரம் போட்டுப் பார்

களுவாஞ்சிகுடி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மாரி தொடங்கிவிட்டது. வட்டைக்குள் தண்ணீர் நிற்கிறது, ஆனால் தம்பியின் பயிருக்கு இன்னும் மோசமில்லை. சின்னவள் ஏ.எல். எடுக்கிறாள், அதனால் வீட்டில் டிவி இல்லை. மற்றும்படி சுகம்.

குவாண்டம் கணினி படிக்கப் பௌதிகவியல் பட்டம் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான். உனக்குப் பைதன் தெரியும், இணைந்த கணிதத்தில் படித்த தாயமும் (மேட்ரிக்ஸ்) சிக்கலெண்ணும் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். கிஸ்கிட்டை, அதாவது குவாண்டம் நிரல் எழுத ஐபிஎம் தருகிற பைதன் தொகுப்பை, இறக்கிவிட்டு நேரே எழுதத் தொடங்கு. புத்தகம் பிறகு பார்க்கலாம்.

ஒரேயொரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் பிட், எடு. அது 0 இல் தொடங்கும். அதன்மேல் ஒரு ஹடமார்ட் கேட் (0 ஐ 0 உம் 1 உம் சரிபாதி கலந்த நிலையாக்குகிற செயல்) போட்டு, அளந்து, சிமுலேட்டரில் (குவாண்டம் கணினி மாதிரி நடிக்கிற மென்பொருளில்) 1024 தரம் ஓட்டு. பாதிக்குக் கிட்ட 0, மிச்சம் 1. காசு சுண்டுகிற கதைதானே என்பாய். சரி, இப்போது அளப்பதற்கு முன் இன்னொரு ஹடமார்டைச் சேர். 1024 உம் 0 ஆகவே வரும், பேருக்கு ஒரு 1 கூட இராது. சுண்டின காசைத் திரும்பச் சுண்டினால் எப்போதும் தலையே விழுமா? மறுகா, இரண்டு கேட்டுக்கும் நடுவில் ஒரு அளவீட்டைச் செருகிப் பார். திரும்பவும் பாதிக்குப் பாதி!

எல்லாம் ஒரு கழித்தல் குறி செய்கிற வேலை. முதல் கேட் 0, 1 இரண்டுக்கும் 0.707 வீச்சைக் கொடுக்கிறது; வீச்சை வர்க்கித்தால் அந்த விடை வருகிற வாய்ப்பு. இரண்டாவது கேட்டில், 1 இலிருந்து 1 க்குப் போகிற வழிக்கு மட்டும் கழித்தல் குறி. அதனால் 1 க்கு வருகிற +0.5 உம் −0.5 உம் வெட்டுப்பட்டுப் போக, 0 க்கு வருகிற இரண்டு 0.5 உம் கூடி 1 ஆகிறது. நடுவில் அளந்தாயோ, ஒரு வழிதான் மிஞ்சும், வெட்ட ஆளில்லை. 1996 இல் குரோவர் என்பவர் கொடுத்த தேடல் முறையும் இப்படித்தான் பிழையான விடைகளின் வீச்சைக் குறைத்து, சரியானதன் வீச்சை ஏற்றுகிறது. "குவாண்டம் கணினி எல்லா விடையையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அளந்தால் கையில் வருவது ஒரு விடைதான்.

உன் லப்டொப் இதற்குத் தாராளம். 30 கியூபிட்டுக்குப் போனால்தான் 107 கோடி எண்களை வைத்திருக்க 16 ஜிபி மெமரி கேட்கும். நாம் இரண்டு மூன்றோடுதானே நிற்கப் போகிறோம். ஒன்று மட்டும் கவனி: பழைய பாடங்களில் வருகிற எக்ஸிகியூட் கட்டளையை 2024 இல் வந்த கிஸ்கிட் 1.0 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். புதிய பாடமாகப் பார்த்து எடு.

அப்புறம் பெல் நிலையை, அதாவது அளந்தால் ஒரே விடையைத் தருகிற மாதிரிப் பிணைந்த இரண்டு கியூபிட்டை, எழுதி, ஐபிஎம்மின் உண்மை இயந்திரத்துக்கு அனுப்பு. சிமுலேட்டரில் 00 உம் 11 உம் மட்டும் வரும். அங்கே 01, 10 உம் கொஞ்சம் தலைகாட்டும். நீ எழுதின நிரலைத் தோண்டாதே, அது இயந்திரத்தின் இரைச்சல். வருகிற எண்ணிக்கையை எனக்கு எழுது, சேர்ந்து பார்ப்போம்.

அக்காவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
தவம்