திடீரென்று எந்தப் பிரேக்கும் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூர் மலைப்பாதையில் சுற்றுலா வேன் கவிழ்ந்த செய்தி படித்தேன். ‘திடீரென பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்தது’ என்று போட்டிருக்கிறீர்கள். எந்த மலையில் விபத்து நடந்தாலும் உங்களுக்கு இந்த ஒரே வரிதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வீர்கள் போலிருக்கிறது.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். 10 டன் பஸ் அவ்வளவு இறங்கினால் சுமார் 40 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியாகும், தங்களுக்குத் தெரியாததல்ல. சின்ன கியரில் வந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். டாப் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அவ்வளவு சூடும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மிலும் அதை உரசி நிறுத்தும் லைனிங்கிலும்தான் இறங்கும். லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும். வேன்களில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் மிதித்த கால் அப்படியே உள்ளே போகும். கருகல் வாடை அதற்கு முன்பே மூக்கைத் துளைக்கும். டீசல் மிச்சம் என்று கியரே இல்லாமல் நியூட்ரலில் உருட்டுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

இதே பாதையில் பல வருடம் பஸ் ஓட்டியவன் நான். ‘ஏறுகிற கியரில் இறங்கு’ என்பதுதான் எனக்கு முதல் பாடம். பக்கத்திலேயே மலை ரயில் போகிறதே, பார்த்திருப்பீர்கள். மிகச் செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி சரிவு. நடுவில் பல் தண்டவாளம், போதாததற்குப் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன். அந்த ரயில் விட்ட 1899-லேயே இறக்கத்துக்கு அவ்வளவு பயந்திருக்கிறார்கள். இப்போது சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய பையனிடம் வண்டி நிறைய ஆளை ஏற்றி, ராத்திரி முழுக்கத் தூங்காதவனை மலைக்கு அனுப்புகிறார்கள். அதை எந்த நிருபரும் கேட்பதில்லை.

முன்பும் இதைப் பற்றி எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. கியர் பற்றிய பத்தி மட்டும் காணாமல் போயிருந்தது. ராசிபலனுக்கு அன்றைக்கும் முழு இடம் கிடைத்தது. அப்புறம் கோடைச் சிறப்பிதழில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ‘த்ரில் பயணம்’ என்று வண்ணப் படத்தோடு போட்டீர்கள். அதில் எப்படி இறங்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. ஓட்டலுக்கும் சாக்லேட் கடைக்கும் அரைப் பக்கம்!

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி மலர்க் கண்காட்சிச் செய்திக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: ‘ஏறும் கியரிலேயே இறங்குங்கள், கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, பிரேக் ஆறும்வரை நில்லுங்கள்.’ விளம்பரத்துக்கு இடைஞ்சல் வராத மூலையாகப் பார்த்துப் போட்டாலும் சரி.

ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
மேட்டுப்பாளையம்