1872 வரியில் 17 வாக்கு வித்தியாசம்

அன்புள்ள நண்பா,

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் சொன்ன பிறகுதான் மனம் நிம்மதியானது. நீயாக இதைப் படிக்க முயலாதே; அவளைப் படிக்கச் சொல்லிக் கேள்.

பதிப்பகம் நடத்தும் என் உறவினர், உலக வரலாற்று அட்டவணைகள் கொண்ட ஒரு நூலின் மெய்ப்பைத் திருத்தக் கொடுத்திருக்கிறார். அமெரிக்க அதிபர் தேர்தல் பக்கத்தில், 1872 வரியிலேயே பத்து நாள் நின்றுவிட்டேன். அதிபர் கிராண்ட் 286, அவரை எதிர்த்து நின்ற கிரீலி 66 என்று தேர்வாளர் வாக்குகள் அச்சாகியிருந்தன. மாநில வாரியாக மக்கள் தேர்ந்தெடுத்து, அதிபருக்கு வாக்களிக்கும் இந்தத் தேர்வாளர்கள் அந்த ஆண்டு மொத்தம் 366 பேர். கூட்டிப் பார்த்தால் 352. மீதி 14 எங்கே? வேறொரு நூலில் கிராண்டுக்கு 300 என்று இருந்தது. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில், ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காகப் பேரேட்டை விடிய விடியப் புரட்டுவோமே, அதே தவிப்பு வந்துவிட்டது.

அப்போதெல்லாம் நீ முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்தத் தேதி வரைக்குமான கணக்கு இது?" அந்தக் கேள்விதான் இங்கும் வழி காட்டியது. மக்கள் வாக்களித்தது 1872 நவம்பர் 5. தேர்வாளர்கள் தத்தம் மாநிலங்களில் கூடி வாக்களித்தது டிசம்பர் 4. அந்த வாக்குகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பிரித்து எண்ணியது 1873 பிப்ரவரி 12. இந்த மூன்று நாட்களுக்கும் மூன்று கணக்கு.

எண்ணிய நாளின் விவாதங்கள் காங்கிரஸ் நடவடிக்கைப் பதிவில் முழுமையாக இருக்கின்றன. இணையத்திலேயே கிடைக்கிறது. 1865-இல் வகுத்த ஒரு விதிப்படி, ஒரு வாக்குக்கு ஆட்சேபணை வந்தால் காங்கிரஸின் இரு அவைகளான செனட், பிரதிநிதிகள் சபை இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் அது எண்ணப்படும். ஒரு சபை மறுத்தாலே வாக்கு போயிற்று. ஆர்க்கன்சா மாநிலத்தின் 6 வாக்குகள் இப்படித்தான் தள்ளுபடியாயின. அங்கே சான்றிதழின் முத்திரையைப் பற்றி வழக்காடினார்கள். லூசியானாவிலிருந்து இரு போட்டித் தரப்புகளும் ஆளுக்கொரு முடிவை அனுப்பியிருந்தன. அந்த மாநிலத்தின் 8 வாக்குகளையும் ஒதுக்கிவிட்டார்கள். இந்த 14-ஐயும் கிராண்டுக்குச் சேர்த்தால் 300, சேர்க்காவிட்டால் 286. இரண்டு நூல்களும் பொய் சொல்லவில்லை. எந்த நாள் கணக்கு என்று சொல்லாமல் விட்டதுதான் பிழை.

ஆனால் என்னை உலுக்கியது கிரீலியின் 66. நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையைத் தொடங்கி வளர்த்த ஆசிரியர் அவர். வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 30 அன்று, மனைவி மேரி இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடே தேர்தலில் தோற்றார். நவம்பர் 29 அன்று அவரும் போய்விட்டார். ஒரு மாதத்துக்குள் இத்தனையும். ஐந்தே நாளில் தேர்வாளர்கள் கூடவேண்டும்; அவர் வென்ற ஆறு மாநிலங்களின் 66 பேர் யாருக்கு வாக்களிப்பார்கள்? 42 பேர் இண்டியானாவின் ஹென்ரிக்சுக்குப் போட்டார்கள். கிரீலியோடு துணை அதிபர் பதவிக்கு நின்ற கிராட்ஸ் பிரவுனுக்கு 18, ஜார்ஜியாவின் ஜென்கின்சுக்கு 2, உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டேவிசுக்கு 1. ஆக 63.

மீதி மூன்று பேர் ஜார்ஜியாக்காரர்கள். இறந்துவிட்டார் என்று தெரிந்தும் கிரீலியின் பெயரையே எழுதினார்கள். எண்ணும் நாளில் இதற்கும் ஆட்சேபணை எழுந்தது. செனட் ஏற்றது, பிரதிநிதிகள் சபை மறுத்தது; மூன்றும் தள்ளுபடி. ஆக, 366-இல் 17 குறைந்து, எண்ணப்பட்ட வாக்குகள் 349. கிரீலியின் பெயரில் ஒன்றுகூட இல்லை. 66 என்பது டிசம்பரிலோ பிப்ரவரியிலோ எங்கும் இல்லாத எண். அது நவம்பரில் அவர் வென்ற மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை மட்டுமே. அந்த மூவரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செல்லாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காதா? ஆனாலும் கொடுத்த வாக்குக்காக எழுதினார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

மக்கள் வாக்கு எண்ணிக்கையிலும் நூலுக்கு நூல் ஆயிரக்கணக்கில் வேறுபாடு இருக்கிறது. மக்கள் அதிபருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை; தேர்வாளர்கள் பட்டியலுக்குத்தான். ஒரே கட்சியின் தேர்வாளர்களிடையேயும் வாக்குகள் கொஞ்சம் கூடிக் குறையும். எவருடைய எண்ணை எடுப்பது என்பது தொகுப்பவர் விருப்பம். ஆகவே அங்கே கிராண்டுக்குச் சுமார் 36 லட்சம், கிரீலிக்குச் சுமார் 28 லட்சம் என்று எழுதி நிறுத்திவிட்டேன்.

அடிக்குறிப்புக்கு இடமில்லை என்று உறவினர் சொன்னார். குறிப்பு இல்லாமல் அந்த வரி அச்சாகக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்; இரண்டு வரி கிடைத்தது.

அடுத்தது 1880 தேர்தல். கார்ஃபீல்டுக்கும் ஹான்காக்குக்கும் இடையே மக்கள் வாக்கு வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆளுக்கொரு எண் போடுகிறார்கள். அந்த வரியை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன். மருத்துவர் படிக்கலாம் என்று சொன்ன பிறகு எழுது, தாள்களை அனுப்புகிறேன்.

அன்புடன்,
பக்கத்து மேசைக்காரன்