சனிக்கிழமை திரையிடல் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக, ‘நோபிதாவின் டைனோசர்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் திரைப்படத்தை நம் பள்ளியில் திரையிட இருக்கிறோம். நோபிதா என்னும் சிறுவனுக்கு உதவ எதிர்காலத்திலிருந்து வந்த பூனை ரோபோவான டோரேமானின் கதை வரிசையில் திரையரங்குக்கென உருவான முதல் முழுநீளப் படம் இது; 1980 மார்ச் மாதத்தில் ஜப்பானில் வெளியானது. அதே கதையை 2006இல் புதிதாக மீண்டும் எடுத்தார்கள். நாம் காட்டவிருப்பது 107 நிமிடம் ஓடும் அந்தப் புதிய வடிவம்.

இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் சிலர் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார்கள். “அந்த நோபிதாவைப் பார்த்துத்தான் என் மகன் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்கிறான், அதையே பள்ளியிலும் காட்டினால் நாங்கள் என்ன சொல்லித் திருத்துவது?” என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. தொலைக்காட்சியில் வரும் குறுங்கதைகளில் நோபிதா பெரும்பாலும் சோம்பேறி. இடர் வந்தால் டோரேமானிடம் ஓடி ஒரு கருவியைக் கேட்டு வாங்குபவன். ஆனால் இந்தப் படத்தில் அவனே ஒரு வேலையைத் தொடங்கி, அதைத் தொலைதூரம் சுமந்து செல்கிறான். இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

நோபிதாவின் நண்பன் சுனியோ தன்னிடமுள்ள டைரனோசரஸ் நகத்தின் புதைபடிவத்தைக் காட்டிப் பெருமையடிக்க, முழு டைனோசரையே கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று நோபிதா சவால் விடுகிறான். மண்ணைத் தோண்டித் தோண்டி முட்டை வடிவக் கல் ஒன்றைக் கண்டெடுக்கிறான். பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் டோரேமானின் துணியால் அதைச் சுற்றிவைத்து, பிறகு போர்வைக்குள் தன் உடல் சூட்டிலேயே அடைகாக்கிறான். பொரித்து வெளிவந்த பீசுகே என்னும் குட்டி வளர்ந்து பெரிதானதும், அதை இங்கே வைத்திருப்பது அதற்கே ஆபத்து என்பதை உணர்ந்து, கால இயந்திரத்தில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் விட்டு வருகிறான். தவறுதலாக ஜப்பானுக்குப் பதில் வட அமெரிக்கப் பகுதியில் விட்டுவிட்டது தெரிந்ததும், நண்பர்களையும் அழைத்துக்கொண்டு திரும்பிச் செல்கிறான். இயந்திரம் பழுதாகிவிட, பீசுகேயைக் கூட்டிக்கொண்டு அந்தக் காலத்து நிலத்தைக் கடந்து ஜப்பான் வரை போகும் பயணம்தான் படத்தின் பெரும்பகுதி.

வழியில் டைனோசர் வேட்டைக்காரன் ஒருவன் குறுக்கிடுகிறான். பீசுகேயைக் கொடுத்துவிட்டால் எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறான். அந்த நண்பர்களில் ஒருவனான, எப்போதும் நோபிதாவை அடிக்கும் ஜியான்தான், நான் நடந்தே வருகிறேன் என்று முதலில் சொல்கிறான். ஆபத்து நேரத்தில் தன் கையை விடாமல் பிடித்திருந்தவன் நோபிதா என்பதை அவன் மறக்கவில்லை. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ நன்னெறிக் கதைகளை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு நிமிடக் காட்சிக்கு ஈடாக ஒன்றை நான் சொன்னதில்லை.

இக்கதைக்குப் பின்னால் உண்மையான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. பீசுகே ஃபுடாபாசாரஸ் என்னும் கடல்வாழ் ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. 1968இல் ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்து இவாகி நகரில், ஓர் ஆற்றங்கரைப் பாறையில் அதன் எலும்புகளை முதலில் கண்டவர் விஞ்ஞானி அல்லர், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர். அது ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அறிவியல் முறைப்படி அதற்குப் பெயர் சூட்ட 2006 வரை, அதாவது 38 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. பெயரின் பிற்பகுதியான ‘சுசுகீ’ அந்த மாணவரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது.

அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியக் கதை அன்று. நம் வயல்களும் சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புச் சுரங்கங்களும் இருக்கும் இந்நிலம், டைனோசர்கள் வாழ்ந்த அதே கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் கற்கள், அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரியின் புதைபடிவங்கள், அதற்குச் சாட்சி. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். 2020இல் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டதாகச் செய்தி பரவியதும், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் படிவுகள் என்று நிலவியலாளர்கள் விளக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

படத்தில் அறிவியல் பிழைகளும் இருக்கின்றன. பீசுகேயின் இனம் அடங்கிய பிளீசியோசர்கள் கடலில் வாழ்ந்தவை. அவை டைனோசர் வகையைச் சேர்ந்தவையே அல்ல. டைரனோசரஸ் ரெக்ஸ் தோன்றியது படம் காட்டும் காலத்துக்குச் சுமார் மூன்று கோடி ஆண்டுகள் கழித்து. எல்லாவற்றையும் விடச் சுவையான பிழை அந்த முட்டை: வயிற்றில் குட்டியோடு புதைபடிவமான ஒரு பிளீசியோசரைப் பற்றி 2011இல் வெளிவந்த ஆய்வு, இவ்வினம் முட்டையிடாமல் குட்டி போட்டது என்பதைக் காட்டிற்று. இதையெல்லாம் படம் முடிந்த பிறகே பிள்ளைகளிடம் சொல்லப் போகிறோம். அருள்கூர்ந்து நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். தாங்கள் நேசித்த ஒரு கதையிலேயே பிழையைக் கண்டறியும் மகிழ்ச்சி அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

படம் ஜப்பானிய மொழியில் ஓடும். நான்காம் வகுப்பு ஆசிரியை ஆங்காங்கே தமிழில் விளக்குவார். வேட்டைக்காரர்கள் துரத்தும் காட்சிகளும் இறுதிப் பிரிவும் சிறு பிள்ளைகளை அழவைக்கக்கூடும். எளிதில் பயப்படும் குழந்தை உங்களுடையதென்றால் ஒப்புதல் தாளில் எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் ஆசிரியை அமர்ந்துகொள்வார். பெற்றோரும் உடன் அமர்ந்து பார்க்கலாம், கட்டணம் ஏதுமில்லை. தண்ணீர்ப் புட்டியும் ஒரு சிற்றுண்டியும் கொடுத்தனுப்பினால் போதும். பகல் 1 மணிக்குள் அனைவரும் வீடு திரும்பலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வரக்கூடும். குப்பை என்று வீசிவிடாமல், எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதவைத்து, திங்கட்கிழமை பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். அறிவியல் அறையில் அதற்கென ஒரு மேசையை ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் கல் தேடுகிறோம் என்று கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளின் பக்கம் பிள்ளைகள் போகாதபடி கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் தேங்கிய குழிகளின் ஆழம் மேலிருந்து தெரியாது. ஒப்புதல் தாளை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்