தட்டிய எண்ணைத் தொலைக்காதீர்கள்

எங்கள் மென்பொருளின் அடிமடியில் இருந்து, தரவை வரிசையும் பத்தியுமாகக் காட்டும் இலவச கிரிட் கூறைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன பெரிய வெர்ஷனில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரிலீஸ் குறிப்பில் 'ஃபோகஸ் நடத்தை சீரமைக்கப்பட்டது' என்று மூன்றே சொல்லில் எழுதியிருந்தீர்கள் (ஃபோகஸ் என்றால், தட்டுவது திரையில் எந்த இடத்துக்குப் போகிறது என்பது). அந்த மூன்று சொல் என்னுடைய மூன்று வாரத்தைத் தின்றது. அது போகட்டும். நேர்மையாக வேலை பார்த்த ஒருவரை நான் சந்தேகப்படும்படி ஆனதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் எழுதியது ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைப் பதியும் நிரல். ஒரே திரை, அதில் உங்கள் கிரிட், மேலே டூல்பாரில் 'சேமி' பட்டன். பதிவு செய்பவர் அலமாரி வாரியாக எண்ணிக்கையைத் தட்டிக்கொண்டே போவார், கடைசியில் சேமிப்பார். பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வெர்ஷனை மாற்றிய பிறகு, ஒவ்வொரு தாளிலும் கடைசிப் பொருளின் இருப்பு மட்டும் பூஜ்யம் என்று வர ஆரம்பித்தது. கையில் இருக்கிற சரக்கையே மறுபடி வாங்கச் சொல்லி நிரல் பட்டியல் போட்டது.

பதிவு செய்யும் அம்மா, "நான் போட்டேன் சார்" என்றார். என் கணினியில் முயன்று பார்த்தேன், சரியாகவே சேமித்தது. இன்னொரு முறை பார்த்தேன், அப்போதும் சரி. "கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் பேசவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டிக் காட்டினார்.

கடைசி செல்லில் 48 என்று அடித்தார். எண்டர் அழுத்தவில்லை, டேப் அழுத்தவில்லை. மவுஸை மேலே கொண்டுபோய் 'சேமி'யை நேராகக் கிளிக் செய்தார். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையாக ஒரு வரி வந்தது. செல்லில் 48 அப்படியே தெரிந்தது. சன்னலை மூடித் திறந்தார். 0.

அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாததா? செல்லுக்கு ஒரு பெட்டி என்று கிரிட்டில் கிடையாது. கண்ணில் படும் பகுதியை மட்டும் வரைகிறது. தட்டும்போது அந்த செல்லின் மேல் ஓர் எழுத்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறது. அந்த அம்மா பார்த்த 48 அந்தப் பெட்டியில் இருந்தது. அடியில் இருந்த தரவில் 0. பழைய வெர்ஷனில் நிரல் தரவைக் கேட்டவுடன், திறந்திருக்கும் பெட்டியை முதலில் மூடி, அதில் உள்ளதை ஏற்றுக்கொண்டு, அப்புறம்தான் கிரிட் பதில் சொல்லும். புதியதில் அது இல்லை. டூல்பார் பட்டன் ஃபோகஸை வாங்குவதும் இல்லை. ஆகவே பெட்டி திறந்தபடியே இருக்க, சேமிப்பு முடிந்துவிடுகிறது. வேறு இடத்துக்கு ஃபோகஸ் போனாலாவது ஏற்கிறதா என்றால், அங்கேயும் தட்டியதை ரத்து செய்கிறீர்கள். பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, கம்பைல் ஆகும்போது ஒரு முனகல்கூட இல்லை.

என் கையில் ஏன் இது சிக்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. நிரல் எழுதுகிறவன் கை எண்டர் அடித்தே பழகியது. உங்கள் கையும் அப்படித்தான் இருக்கும். உங்கள் சோதனைகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். மற்றவர்கள் தட்டுவார்கள், பட்டனைக் கிளிக் செய்வார்கள். அது அவர்கள் தவறு இல்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: பயனர் எஸ்கேப் அழுத்தாத வரை, அவர் தட்டியதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவே டிஃபால்ட்டாக, யாரும் கேட்காமலே நடப்பதாக இருக்கட்டும்.

இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. எக்ஸெலில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டு வேறு செல்லைக் கிளிக் செய்யுங்கள், எண் நிற்கும். வேண்டாம் என்றால் எஸ்கேப். விரிதாள் என்றாலே மக்கள் கைக்குப் பழகியது அதுதான். உங்கள் கிரிட் விரிதாள் போல இருப்பதால்தானே அதை எடுத்தோம்? சரி, மற்ற கிரிட்களும் யோக்கியம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஜாவாவின் ஜேடேபிளில் ஃபோகஸ் போனால் எடிட்டை முடிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. ஆனால் 'டெர்மினேட்எடிட்ஆன்ஃபோகஸ்லாஸ்ட்' என்று அவ்வளவு நீளமாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். டாட்நெட்டின் டேட்டாகிரிட்வியூவில் சேமிப்பதற்கு முன் 'எண்ட்எடிட்' என்று நாமே கூப்பிட்டுக்கொள்ளலாம். அங்கெல்லாம் கேட்டால் கிடைக்கும். நீங்களோ எடிட்டை முடிக்கும் அந்த ஒரு ஃபங்ஷனையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

நான் இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? சேமிப்பதற்கு முன், யாரோ எண்டர் அழுத்தியது போல ஒரு பொய் எண்டரை கிரிட்டுக்கு அனுப்புகிறேன். எண் ஏறிவிடுகிறது. ஆனால் கடைசி வரிசையில் எண்டர் அழுத்தினால் புதிதாக ஒரு காலி வரிசை முளைக்கும் அல்லவா? அதை நீக்க நாலு வரி கோட். அந்தக் காலி வரிசை 'பொருளின் பெயர் இல்லை' என்று சரிபார்ப்பைக் கிளப்பும். அதை வாயை மூட வைக்க இன்னும் ஆறு வரி. இதைப் படிக்கப்போகும் அடுத்தவன் என்னைப் பைத்தியக்காரன் என்றுதான் நினைப்பான். மேலே ஒரு கமெண்ட் எழுதி வைத்திருக்கிறேன். அதை இங்கே போட முடியாது.

பக் ரிப்போர்ட் போட்டேன். 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று பதில் வந்தது. என் மாதிரி நாலைந்து பேர் கீழே வந்து புலம்பினார்கள். சில வாரம் யாரும் பேசாமல் இருந்ததால், 'செயல்பாடு இல்லை' என்று ஒரு தானியங்கி பாட் வந்து அதை மூடிவிட்டுப் போயிற்று. நாங்கள் பதிலுக்காகக் காத்திருந்தோம். காத்திருப்பது செயல்பாடு ஆகாது போல. இதைச் சரிசெய்யும் கோடைப் பதினோரு வரியில் ஒரு பேட்ச்சாகவும் அனுப்பினேன். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

இதற்கிடையில் முகப்பில் புது அறிவிப்பு: கிரிட் இப்போது 1 கோடி வரிசைகளைத் தாங்குமாம். எக்ஸெல் தாளிலேயே 10,48,576 வரிசைதான். வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன். 1 கோடி வரிசையைத் தாங்குகிற கிரிட், கடைசியில் தட்டிய ஒரே ஓர் எண்ணையும் தாங்கினால் நன்றாக இருக்கும். இருட்டுத் தீமில் கோடுகள் அழகாகத்தான் இருக்கின்றன. காணாமல் போகிற எண் எந்தத் தீமில் போனால் என்ன?

'இலவசமாகக் கொடுத்ததைக் குறை சொல்கிறாயே' என்று கேட்பீர்கள். நியாயம்தான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பார்க்கவில்லை, ஏரில்தான் பூட்டினேன். பல வருடம் உழுதது. இப்போது ஒவ்வொரு சாலிலும் கடைசி அடியை விட்டுவிட்டுத் திரும்புகிறது. 'உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் எதுவுமின்றி' என்று உரிமத்தில் பெரிய எழுத்தில் இருப்பதும் தெரியும். நான் நஷ்டஈடு கேட்கவில்லை. கோட் திறந்துதானே இருக்கிறது, தனிப் பிரதியாகப் பிரித்து, திருத்தி நீயே வைத்துக்கொள் என்றால் அதுவும் முடியும். ஆனால் நான் ஒருவன் பிரித்து வைத்துக்கொண்டால் என் 48 பிழைக்கும். ரிலீஸ் குறிப்பைப் படிக்காமல் வெர்ஷனை மாற்றிய மற்றவர்கள் இன்னும் யாரையோ 'பார்த்துப் போடுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓய்வு நேரத்தில்தான் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அதனால் தயவுசெய்து, பணிவாகவே மறுபடி கேட்கிறேன்: எஸ்கேப் அழுத்தாத வரை தட்டியதை ஏற்றுக்கொள்வதை மீண்டும் டிஃபால்ட் ஆக்குங்கள். அதற்கு நாளாகும் என்றால், எடிட்டை முடிக்கும் ஃபங்ஷனையாவது வெளியே திறந்து விடுங்கள். அதுவும் இப்போதைக்கு முடியாது என்றால், ரிலீஸ் குறிப்பில் அந்த மூன்று சொல்லை அடித்துவிட்டு, 'சேமிக்கும்போது திறந்திருக்கும் செல்லின் மதிப்பு தொலையும்' என்று எழுதுங்கள்.

அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போதும் அவர் சேமித்த பிறகு ஒரு முறை மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

இப்படிக்கு,
பொய் எண்டர் அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் பயனர்களில் ஒருவன்